கருவாட்டுத் தூள் இல்லாமலும் முட்டை கிடைக்கும்

தீவனத்தை வீட்டிலேயே கலக்கும் விவசாயிகள் பலர், கருவாட்டுத் தூள் இல்லையேல் முட்டை இல்லை என்று நம்புகின்றனர். நல்ல கருவாடு கிடைத்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உப்பும் மணலும் கலந்த தூளைக் காசு கொடுத்து வாங்குவானேன்? உப்பு மிகுந்தால் எச்சம் நீர்த்துப் போகும்.

முட்டைக் கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். சோயாப் பிண்ணாக்கில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கு இதற்கு நேர் எதிர். எனவே இரண்டையும் சேர்த்துக் கலப்பதே என் சிபாரிசு. சோயா மொச்சையை வறுக்காமல் அரைத்துப் போடாதீர்கள், புரதம் செரிக்காது. கடலைப் பிண்ணாக்கில் பூசணம் கண்டால் ஒதுக்குங்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மாட்டுக்கே இருக்கட்டும். மஞ்சள் கருவின் நிறம் மாறிவிடும். அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர். அது துணைத் தீவனமே. புதிய கலவைக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.