அணிவதும் அளிப்பதும்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் பிறந்ததும் நம் நகரங்களில் இளஞ்சிவப்பு நிறம் பெருகக் காண்கிறோம். கல்லூரி மாணவியர் இளஞ்சிவப்பு நாடாவைக் குத்திக்கொண்டு ஊர்வலம் செல்கின்றனர். அந்நாடாச் சின்னம் பொறித்த கைவளையம், பை, குடிநீர்ப் புட்டி முதலியன கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. வாங்குவோரிடம் காரணம் வினவினால், 'புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவுவதற்காக' என்னும் விடை தயங்காமல் வரும். இவ்விடை எத்துணை உண்மை என்பதைச் சற்றே ஆராய விழைகிறோம். இளையோரின் ஈர நெஞ்சத்தை எள்ளுவது நம் கருத்தன்று. அந்த ஈரம் உரிய இடத்தில் பாய்கிறதா என்பதே நம் ஐயம்.

இந்நாடாவின் வரலாற்றைப் பலரும் அறியார். 1991ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்னும் பெண்மணி பீச் பழ நிறத்தில் நாடாக்களைத் தம் வீட்டிலிருந்தே கையால் செய்து, ஓர் அட்டையோடு சேர்த்துப் பலருக்கும் வழங்கினார். அவருடைய குடும்பத்துப் பெண்களை மார்பகப் புற்றுநோய் வாட்டியிருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு ஒதுக்கீடு 180 கோடி டாலர் என்றும், அதில் 5 விழுக்காடே நோய்த்தடுப்புக்குச் செல்கிறது என்றும் அவ்வட்டை எடுத்துரைத்தது. சட்டமன்றத்தாரை விழிப்புறச் செய்யவே அவர் நாடாவை அணியச் சொன்னார். எவரிடமும் காசு கேட்டாரில்லை. 1992இல் 'செல்ஃப்' என்னும் இதழும் எஸ்டே லாடர் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனமும் அந்நாடாவைத் தம் இயக்கத்துக்குத் தருமாறு வேண்டின. இது வணிகமாகிவிடும் என்று கூறி அவர் மறுத்தார். வழக்கறிஞர் யோசனைப்படி அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டனர். இன்று நாம் காணும் இளஞ்சிவப்பு நாடா இவ்வாறு தோன்றியதே. பொதுப்பணம் எங்கே போகிறது என்று வினவுவதற்காகப் பிறந்த நாடா, தன்னை விற்ற பணம் எங்கே போகிறது என்று நம்மை வினவவைக்கும் நிலையை எய்தியது.

விற்ற பணம் எங்கே போகிறது? என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2009 முதல் அக்டோபர்த் திங்களில் இளஞ்சிவப்புத் தொப்பி, சட்டை முதலியவற்றை விற்று வந்தது. அவ்விற்பனை பற்றிப் பத்திரிகைகள் 2013இல் வெளியிட்ட கணக்கு வருமாறு. 100 டாலருக்குப் பொருள் விற்றால் 50 டாலர் கடைக்காரரைச் சேரும். உற்பத்தியாளருக்கு 37.50 டாலர். எஞ்சிய 12.50 டாலரில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தைச் சேர்வது 11.25 டாலர். சங்கத்தின் நிருவாகச் செலவு முதலியன போக அறப்பணிக்கு எஞ்சுவது ஏறத்தாழ 8 டாலர். அத்தொகையும் நோயறி சோதனைக்கும் விழிப்புணர்வுக்கும் பயன்பட்டதே அன்றி ஆய்வுக்கூடம் செல்லவில்லை. இவ்விற்பனையில் தனக்கு இலாபம் ஏதுமில்லை என்று அவ்வமைப்பு கூறியது. அது மெய்யாகவே இருக்கட்டும். 100 டாலர் கொடுத்துத் தொப்பி வாங்கிய அன்பர் தாம் ஆராய்ச்சிக்கு உதவியதாக எண்ணி மகிழ்ந்திருப்பாரே, அதற்கு யார் பொறுப்பு?

மஞ்சள் நிறச் சிலிக்கோன் வளையத்தின் கதை வேறு வகையானது. மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1997இல் தொடங்கிய அறக்கட்டளைக்காக நைக்கி நிறுவனம் 2004இல் 'லிவ்ஸ்ட்ராங்' வளையத்தை ஒரு டாலர் விலையில் வெளியிட்டது. 8 கோடிக்கும் மேல் விற்றன. நம் ஊர் நடைபாதைகளிலும் அதன் போலிகள் கிடைத்தன. அவற்றுக்குக் கொடுத்த காசு எந்த நோயாளியையும் சென்றடையவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. அறக்கட்டளை 1998 முதல் 2005 வரை ஏறத்தாழ 2 கோடி டாலரை ஆராய்ச்சிக்கு வழங்கியது. அதன்பின் ஆராய்ச்சி நல்கையைப் படிப்படியாகக் குறைத்து, 2010இல் ஆய்வுத் திட்டங்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது. நோயாளிக்கு வழிகாட்டுவதும் ஆறுதல் அளிப்பதும் அதன் பணியாயின. அவை நற்பணிகளே. ஆயினும் வளையம் பெருவழக்காய் விளங்கிய ஆண்டுகளில்தான் ஆராய்ச்சிக்கான கொடை சுருங்கியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஊக்கமருந்து விவகாரத்தால் 2012இல் ஆம்ஸ்ட்ராங் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். வளையங்களும் பெரும்பாலான கைகளிலிருந்து கழன்றன.

இவற்றைக் கொண்டு, சிறுகாசு ஆராய்ச்சிக்கு உதவாது என்று முடிவு கட்டிவிடலாகாது. 1938இல் அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத்தை எதிர்க்க மக்கள் பத்து சென்ட் நாணயங்களை வெள்ளை மாளிகைக்கு அனுப்பினர். சட்டையில் குத்தும் சின்னங்களும் பத்து சென்ட் விலையில் விற்கப்பட்டன. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் பணமே ஜோனஸ் சால்க்கின் ஆய்வைத் தாங்கியது. 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் சிறுவர் பங்கேற்ற பெருஞ்சோதனையையும் அதுவே நடத்தியது. 1955 ஏப்ரல் 12இல் தடுப்பூசி வெற்றி என அறிவிக்கப்பட்டது. நம் காலத்தில் 2014இல் பனிநீரைத் தலையில் கொட்டிக்கொண்ட விளையாட்டைப் பெரியோர் பலர் பித்து என்றனர். அப்பித்தால் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் 7.7 கோடியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியதாகச் சங்கம் வெளிப்படையாகக் கணக்குக் காட்டிற்று. அந்நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்றை 2016இல் கண்டறிய அப்பணம் துணை நின்றது. இவ்விரண்டிலும் மக்கள் பெரும்பாலும் நன்கொடையே தந்தனர். இடையில் கடைக்காரர் இல்லை.

ஆராய்ச்சியின் பெருஞ்செலவை யார் ஏற்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை உலக நலவாழ்வு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு ஆகியவை சேர்ந்து நடத்தின. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் நோயாளியும் மருத்துவமனையில் தங்கியவரைப் போலவே குணமடைகிறார் என 1959இல் அது நிறுவியது. உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறிற்று. இது வரிப்பணத்தால் விளைந்தது. ஹேலி அம்மையார் பொதுப்பணத்தின் கணக்கைக் கேட்டது ஏன் என்பது இதனால் புலப்படும்.

கொடுப்பவர் கேட்கலாமா என்று சிலர் கூசுகின்றனர். ஸகாத்தைப் பெறத் தகுதியுடையோரை எண்வகையாக வரையறுத்த மார்க்கத்தில் பிறந்த நமக்கு அக்கூச்சம் வேண்டுவதில்லை. சீதக்காதி வள்ளல் மறைந்த பின்னும் கல்லறையிலிருந்து கை நீட்டிப் புலவருக்கு மோதிரம் அளித்ததாக ஒரு கதை வழங்குகிறது. அங்கும் ஓர் அணிகலன் வருகிறது. ஆனால் கழற்றிக் கொடுக்கப்படுகிறது.

வரும் அக்டோபரில் நம் மாணவர் பேரவையும் நாடா விற்கக் கூடும். விற்கட்டும், நாமும் வாங்குவோம். நாடா என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எத்தனை விற்றன, எஞ்சிய தொகை எவ்வளவு, அது நோயாளியின் மருந்துக்கா ஆய்வுக்கா, எந்த நாளில் எவரிடம் செலுத்தப்பட்டது என்னும் விவரங்கள் பற்றுச்சீட்டின் படியோடு நவம்பர் முதல் வாரத்தில் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.