உத்தரவாதச் சீட்டும் உப்புக் காற்றும்

வாகனம் வாங்கச் செல்வோர் விலைக்கு அடுத்தபடியாக இன்று வினவுவது, "எத்தனை ஆண்டு உத்தரவாதம்?" என்பதாகும். உத்தரம் என்பது மறுமொழி. மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவன் உத்தரவாதி. தமிழாசிரியராகிய நாம் மோட்டார் வண்டியைப்பற்றி எழுதத் துணிந்தமைக்கு இச்சொல்லே காரணம்.

உத்தரவாதம் வண்டியின் தரத்தை உயர்த்தவல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. தென்கொரிய நாட்டு ஹுண்டாய்க் கார்கள் ஒருகாலத்தில் அமெரிக்காவில் நகைப்புக்கு இடமாயிருந்தன. 1998ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் இயந்திரத்துக்கும் அதனைச் சார்ந்த உறுப்புகளுக்கும் 10 ஆண்டு அல்லது 100,000 மைல் உத்தரவாதம் அளித்தனர். பழுது ஒவ்வொன்றும் தம் பணப்பையையே தாக்குமென்றானபின், வண்டியைச் செம்மையாகச் செய்வதன்றி வேறு வழியில்லை. 2004இல் ஜே. டி. பவர் நிறுவனம் நடத்திய புதுவண்டித் தர ஆய்வில் ஹுண்டாய் ஹொண்டாவுடன் ஒத்த இடத்தைப் பெற்றது.

ஆயின், அச்சீட்டு மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்ததும் அதன் வலிமை குன்றிவிடுகிறது. சில ஆண்டுகளுக்குமுன் நாம் ஈராண்டு உத்தரவாதத்துடன் புது மோட்டார்ச் சைக்கிள் ஒன்று வாங்கினோம். பேசாலையிலிருந்து நாள்தோறும் நகருக்கு வந்துபோனோம். ஒரு சோளகம் கழிவதற்குள் புகைக்குழாய் துருவேறித் துளைபட்டது. விற்றவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். உப்பினால் உண்டாகும் துருவுக்குத் தாம் பொறுப்பல்லர் எனச் சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தனர். அதுவும் ஆங்கிலத்தில்! பின்னர் என்ஜினில் எண்ணெய் கசிந்தபோது, ஊர் மெக்கானிக்கிடம் ஒருமுறை 'சேர்விஸ்' செய்தமையால் சீட்டே செல்லாதென்றனர். அவர்களுடைய பட்டறையோ வவுனியாவில். போய்வர ஒரு பகற்பொழுது வேண்டும்.

ஆதலின் நம்மவர் சீட்டை நம்பி வாங்குவதில்லை. உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்குமா, ஊர் மெக்கானிக்குக் கைவந்த வண்டியா என்பவற்றையே பார்க்கின்றனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளே வாங்கியதைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. அவற்றுக்குச் சீட்டேது? இவ்வழக்கம் விவேகமானதே. எனினும், கேட்பாரில்லாதவிடத்து மறுமொழி சொல்வாரும் இரார்.

லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தவருக்கு வண்டி நின்ற நாளிலும் தவணை நிற்பதில்லை. வாகன வியாபாரத்திலும் நிதி நிறுவனங்களிலும் உயர்நிலையிலுள்ள நம் பழைய மாணவர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. துருவைப்பற்றிய நிபந்தனையைத் தமிழிற் பேரெழுத்தில் அச்சிடுக. மன்னாரில் மாதத்துக்கு ஒருநாளேனும் முகவரின் மெக்கானிக் வந்திருக்க ஏற்பாடு செய்க. அந்நாளில் அவர் முன்னே முதலாவதாக நிற்பது நமது மோட்டார்ச் சைக்கிளாகவே இருக்கும்.