பங்கு இருக்கிறது, குரல் இருக்கிறதா?

மூணாறு லயங்களிலும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று கோவை, கொச்சி, சென்னை ஆகிய நகரங்களில் மென்பொருள் கம்பெனிகளில் சேருகிறார்கள். சிலரது நியமன உத்தரவில் சம்பளத்துக்குக் கீழே "பங்குரிமை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் பொருள் என்ன என்று பெற்றோர் விசாரித்து அறிவது அவசியம்.

திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் 2010ல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க் (இன்றைய பிரெஷ்வொர்க்ஸ்) கம்பெனியில், 2014ல் கூகுள் முதலீட்டு நிதி பணம் போட்டது. இப்போது கேப்பிட்டல்ஜி என்ற பெயர் கொண்ட இந்த நிதி 2013ல் ஏற்பட்டது. பணம் முழுவதும் தாய்க் கம்பெனியினுடையது. நேற்றுப் பெட்டிக்கடை போட்டவனுக்கு இது பணம் தராது. வாடிக்கையாளர் கூட்டம் சேர்ந்து, வேகமாக வளரும் கம்பெனியையே தேடி வரும். வட்டி கேட்காது, ஈடு கேட்காது, பங்கு வாங்கும். சில ஆண்டுகளில் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டு விலகுவதே நோக்கம். புறப்படும் நாளை மனத்தில் குறித்துக்கொண்டே உள்ளே வரும் விருந்தாளி எனலாம்.

அந்தப் புறப்பாட்டுக்கு வழி வேண்டுமே! 2021 செப்டம்பர் 22ல் பிரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறியது. பங்கு 36 டாலர். 500க்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்களானதாக நிறுவனரே மகிழ்ச்சியுடன் அறிவித்தார். மறு ஆண்டிலேயே விலை பாதிக்கும் கீழே இறங்கியது என்பதும் உண்மை. ஆயினும் விற்க விரும்பியவருக்கு ஒரு சந்தை இருந்தது.

மூணாற்றின் கதை வேறு. 2005ல் டாடா டீ பெரும்பாலான தோட்டங்களிலிருந்து விலகி, கண்ணன் தேவன் கம்பெனி உருவானபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் உள்பட பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர்களானார்கள். நல்ல ஏற்பாடுதான், தோட்டத்தை இழுத்து மூடாமல் காத்த ஏற்பாடு. ஆனால் அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பங்கைக் கொண்டுபோய் விற்கப் பொதுச் சந்தை கிடையாது. 2015 செப்டம்பரில் போனஸ் பத்து சதவீதமாகக் குறைந்தபோது, அதே பங்குதாரப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, "பெம்பிளை ஒருமை" என்று மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக இருபது சதவீதம் கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்தது பங்குச் சீட்டு அல்ல, சாலை மறியல்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு சாலையும் இல்லை, சங்கமும் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒப்பந்தக் காகிதம் மட்டுமே. பங்குரிமை பொதுவாக நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். ஓராண்டு முடியுமுன் விலகினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பங்கை எடுக்கக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். விற்குமுன்பே அது சம்பள வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரியும் விழலாம். கம்பெனி குறைந்த விலைக்குக் கைமாறினால், முதலீட்டு நிதி தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் வைத்திருப்பது வழக்கம், மிஞ்சினால்தான் ஊழியருக்கு. ஆகவே, பங்குரிமையைக் காட்டி மாதச் சம்பளத்தைக் குறைக்கும் இடத்தில், "இதை யாரிடம், எப்போது விற்கலாம்?" என்று பிள்ளை கையெழுத்துப் போடுமுன் கேட்கட்டும்.