புழுக்கத்துக்கு ரிமோட்டில் பட்டன் இல்லை

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் போய் நின்றாலும் ஒரு காட்சி தவறாமல் தெரியும். ஏசிக் குழாய்களில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து கொண்டிருக்கும். சிலர் அடியில் பக்கெட் வைத்திருப்பார்கள், சிலர் செடிக்குத் திருப்பி விட்டிருப்பார்கள், சிலர் இதற்காகவே கீழ் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக் கொண்டிருப்பார்கள்! ஏசி என்றால் குளிர வைக்கும் பெட்டி, அந்தத் தண்ணீர் ஏதோ கழிவு என்பது தான் பொதுவான எண்ணம். ஆனால் அது கழிவு அல்ல. அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி அது. அதை வெளியே எடுப்பது தான் கடலோர ஊர்களில் ஏசியின் தலையாய வேலை. வாங்குகிறவர், விற்கிறவர், சட்டம் போடுகிறவர் என யாருமே இந்த வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது தான் சிக்கல்.

தமிழில் வெக்கை வேறு, புழுக்கம் வேறு. மே மாத மதியத்தில் வேலூரில் அடிப்பது வெக்கை. அதே மாதம் சென்னையில் ராத்திரி பத்து மணிக்கு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் சட்டை முதுகில் ஒட்டிக் கொள்கிறதே, அது புழுக்கம். படிக்காத பாட்டிக்குக் கூடத் தெரிந்த இந்த வித்தியாசம் ஏசி ரிமோட்டுக்குத் தெரியாது. அதில் ஒரே ஒரு எண் தான், டிகிரி!

கணக்கைப் பாருங்கள். டெல்லியில் ஒரு கோடை மதியம் 42 டிகிரி வெயில், ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் நீராவி இருக்கும். சென்னையில் 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் ஒரு கிலோ காற்றில் சுமார் 22 கிராம். எட்டு டிகிரி குறைவான ஊரின் காற்றில் இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர்! பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை ஒன்றில் இந்தக் காற்று நிறைந்திருந்தால் அதற்குள் முக்கால் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் மிதந்து கொண்டிருக்கிறது.

இந்தச் சென்னைக் காற்றை 24 டிகிரி, 50 சதவீதம் என்ற சுகமான நிலைக்குக் கொண்டு வர என்ன செலவாகும்? வெப்பநிலையை மட்டும் பத்து டிகிரி இறக்க ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 10 கிலோஜூல் போதும். கூடுதலாக இருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் நீராவியைத் தண்ணீராக்கி வெளியேற்ற 30 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்து போகும் சமாச்சாரம் தான் இது. அறைக்குள்ளேயே சுற்றி ஏற்கெனவே கொஞ்சம் உலர்ந்த காற்றில் இந்த விகிதம் குறையும், உண்மை தான். ஆனால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், ஜன்னல் இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று வந்து கொண்டே தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் கூட மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு நாற்பது ஐம்பது கிராம் நீரை அறைக்குள் விடுகிறார்.

சரி, குளிர்ந்தால் போதாதா, ஈரத்தைப் பற்றி என்ன கவலை? 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு அறையை, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட எடுக்காமல் 24 டிகிரிக்குக் கொண்டு வந்தால் ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம் ஆகிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் அப்படியே இருக்கும், அதைத் தாங்கும் சக்தி தான் குறையும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் மெத்தை பிசுபிசுக்கும், அலமாரித் துணியில் பூஞ்சை வாடை வரும். இதைத் தவிர்க்க வேண்டுமானால் கூலிங் காயில் காற்றின் பனிநிலையை விடக் குளிர்ந்திருக்க வேண்டும். 24 டிகிரி, 50 சதவீதம் உள்ள அறையின் பனிநிலை சுமார் 13 டிகிரி. காயில் 15 டிகிரியில் இருந்தால் அறை குளிரும், தண்ணீர் எடுபடாது.

இங்கே தான் கடைக்காரர் பேச்சு இடிக்கிறது. "சின்ன ரூம் தான், இருந்தாலும் ஒன்றரை டன்னே போடுங்க சார், சீக்கிரம் கூலாகும்" என்பார். சீக்கிரம் கூலாகும், உடனே கம்ப்ரசர் நின்றும் விடும். காயிலில் படிந்த ஈரம் வழிந்து வெளியே போவதற்குள் உள்ளே சுற்றும் விசிறி அதை மறுபடி அறைக்கே ஊதி விடும். இன்வெர்ட்டர் ஏசி நிற்காது, வேகத்தைக் குறைத்து ஓடும். மின்சாரம் மிச்சம் தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மெதுவாக ஓடும் போது பல மாடல்களில் காயில் அவ்வளவாகக் குளிராது, ஈரம் எடுப்பதும் குறையும். "பழைய ஏசி மாதிரி இல்லையே" என்று வீட்டுப் பெரியவர்கள் சலித்துக் கொள்வதை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்கி விட முடியாது.

ரிமோட்டை 18ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திப் படுக்கிறவரைக் கேலி செய்யாதவர் கிடையாது. அவர் தேடுவது குளிரை அல்ல, உலர்ந்த காற்றை! 18 என்று அழுத்தினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், காயில் ஜில்லென்று இருக்கும், தண்ணீர் கொட்டும், புழுக்கம் போகும். குளிர் கூடவே வந்து தொலைக்கும் இலவச இணைப்பு, அதற்குத் தான் போர்வை. ஒரே எண்ணை மட்டும் கொடுத்தால் மக்கள் அந்த ஒரே எண்ணோடு தான் மல்லுக்கட்ட முடியும்.

வேடிக்கை என்னவென்றால், ஏசி பிறந்ததே ஈரத்தைக் கட்டுப்படுத்தத் தான். 1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் கோடைக் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போயின. அதைச் சரி செய்யத் தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தன் அமைப்பை வடிவமைத்தார். 1906ல் 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரைச் சூட்டிய ஸ்டூவர்ட் கிரேமர் ஒரு நூற்பாலைப் பொறியாளர். அவருக்கு வேண்டியதோ காற்றில் ஈரத்தைக் கூட்டுவது, ஏனென்றால் காற்று காய்ந்தால் பஞ்சு நூல் அறுந்து போகும். கோயம்புத்தூர் மில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! ஆக காகிதத்துக்கும் நூலுக்கும் கிடைத்த மரியாதை மனிதனின் படுக்கையறைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இது வெறும் சொகுசு சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. மனித உடல் வியர்வை ஆவியாவதால் தான் குளிர்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமானவர் கூட நீண்ட நேரம் தாங்க முடியாது என்று 2010ல் ஒரு ஆய்வு சொன்னது. 2022ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்த போது, ஈரமான சூழலில் 31 டிகிரிக்கு அருகிலேயே உடல் திணற ஆரம்பித்தது. மேலே சொன்ன சென்னை மதியத்தின் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 28. அந்த 42 டிகிரி டெல்லிக்கோ 24 தான். வடக்கே ஏர்கூலர் ஜோராக வேலை செய்வதும் சென்னையில் அதே ஏர்கூலர் அறையைக் குளியலறை ஆக்குவதும் இதனால் தான்.

அரசு என்ன செய்கிறது? 2020 ஜனவரி முதல் நட்சத்திர ஏசிகள் 24 டிகிரியில் தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் 20க்குக் கீழே போக முடியாதபடி செய்யப் போவதாக அறிவித்தார். நோக்கம் நல்லது தான், 20க்குக் கீழே யாருக்கும் தேவை இல்லை. ஆனால் மக்கள் ஏன் 18க்குப் போகிறார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஈரம் 50 சதவீதத்தில் இருந்தால் 26, 27 டிகிரியில் மின்விசிறியோடு நிம்மதியாகத் தூங்கலாம். 80 சதவீதத்தில் 24 கூட நரகம். டெல்லிக்கும் தூத்துக்குடிக்கும் ஒரே எண்ணை விதிப்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒரே செருப்பு மாதிரி.

நட்சத்திரப் பட்டையும் அப்படியே. எத்தனை யூனிட் செலவு, எவ்வளவு குளிர்விக்கும் திறன் எல்லாம் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் எடுக்கும் என்பது மட்டும் இல்லை. ஈரம் குறைவாக எடுத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பெட்டிக்கும், ஒழுங்காக உலர்த்தும் பெட்டிக்கும் பட்டையில் வித்தியாசம் தெரியாது.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் ஏசிக்குள் அந்த உணரியை வைத்து ரிமோட்டில் இரண்டாவதாக ஒரு எண்ணைக் காட்டுவது பெரிய வித்தை அல்ல, வெளிநாடுகளில் சில மாடல்களில் இருப்பது தான். அதுவரை இருக்கிற 'டிரை' பட்டனையும் குறைந்த விசிறி வேகத்தையும் பயன்படுத்திப் பார்க்கலாம், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில். பட்டைக்கு அலகு தேடி அலையவும் வேண்டாம். ஈரம் நீக்குவதற்கென்றே தனியாக விற்கும் இயந்திரங்களின் பெட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் எடுக்கும் என்று தான் போட்டிருக்கிறது. பக்கெட் வைத்து அளந்து பார்க்கலாம்.