மாளிகை எரிந்ததாலா நிலையம் மூடியது?

தென் லண்டனில் சிடன்ஹாம் குன்றின் உச்சியில் ஒரு காலத்தில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகை இருந்தது. சாலைக்கு மறுபுறம் அதற்கு நேர் எதிரே 'ஹை லெவல்' ரயில் நிலையம். இன்று இரண்டுமே இல்லை. நிலையத்தை ஏன் மூடினார்கள் என்று கேட்டால் பலரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 1936 நவம்பர் 30 இரவு மாளிகை எரிந்தது, கூட்டம் நின்றது, நிலையமும் படுத்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் கதை ஒட்டாமல் போகிறது.

கடைசி ரயில் ஓடியது 1954 செப்டம்பரில். தீ பிடித்து 18 ஆண்டு கழித்து! நடுவில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மே மாதம், இந்தக் கிளைப் பாதையில் சேவையை நிறுத்தினார்கள். 1946 மார்ச்சில் மறுபடி தொடங்கினார்கள். மாளிகை இருந்த இடம் வெறுந்திடலாகிப் பத்தாண்டு நெருங்கிய நேரம் அது. மாளிகைக்காக மட்டுமே வாழ்ந்த நிலையம் என்றால், மூடிக்கிடந்ததை அப்படியே விட்டிருக்கலாமே?

இதைவிட வலுவான சாட்சி குன்றின் கீழே இருக்கிறது. மாளிகை திறந்த 1854இலேயே அதற்காகத் தொடங்கப்பட்டது 'லோ லெவல்' நிலையம். மாளிகையை நம்பியிருந்தவற்றில் மூத்தது அதுதான். தீ நிலையங்களைக் கொல்லும் என்றால் அதுவும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கூட்டம் தீயோடு நின்றது என்பதும் பாதி உண்மைதான். 1895 முதல் 1914 வரை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டங்கள் இந்த மாளிகைப் பூங்காவில் நடந்தன. 1901இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆட்டம் இங்கே திரும்பவே இல்லை. நிலையத்தின் திருவிழாக் காலம் முடிந்தது அப்போதே. ஆனாலும் 1925இல் சதர்ன் ரயில்வே இந்தப் பாதையை மின்மயமாக்கியது. அந்தச் செலவு தினமும் வேலைக்குப் போய்வரும் புறநகர்ப் பயணிகளை நம்பிச் செய்தது. அந்தக் கணக்குதான் தப்பாகப் போனது.

ஏன் தப்பியது? பதில் ஹை லெவல் திறந்த 1865இலேயே இருக்கிறது. லோ லெவல் பாதை பிரைட்டன் கம்பெனியின் கையில் இருந்தது. போட்டிக் கம்பெனியான லண்டன், சாத்தம் அண்ட் டோவர் சும்மா இருக்குமா? அதுவும் மாளிகை வாசலுக்கே ரயில் விட்டது. நன்ஹெட் பக்கமிருந்து குன்றைக் குடைந்து சுரங்கங்கள். உச்சியில் எட்வர்ட் மிடில்டன் பாரி வடிவமைத்த பெரிய நிலையம். திறந்த மறு ஆண்டே கம்பெனி திவாலானது. பக்கத்தில் சிடன்ஹாம் ஹில், ஜிப்சி ஹில், லோ லெவல் என மூன்று நிலையங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. நான்காவதற்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்?

பாதையோரம் ஊர் வளர்ந்திருந்தால் சமாளித்திருக்கலாம். பிரான்சில் நடந்த போருக்குத் தப்பி லண்டன் வந்த ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ, 1871இல் இதே பாதையின் லார்ட்ஷிப் லேன் நிலையத்தை வரைந்தார். கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தில் ரயிலுக்கு இருபுறமும் பச்சைச் சரிவும் வெற்றுநிலமுமே அதிகம், வீடுகள் கொஞ்சம்தான். அங்கே பின்னால் வீடுகள் வந்தன. ஆனால் மேலே போகப் போக டல்விச் எஸ்டேட் என்ற நில அறக்கட்டளையின் நிலம். காடு காடாகவே நின்றது. 1884இல் திறந்த அப்பர் சிடன்ஹாம் நிலையமும் மரங்களுக்கு நடுவேதான் இருந்தது. மரங்கள் சீசன் டிக்கெட் வாங்குவதில்லை.

இதோடு இரண்டு போர்கள். 1917 முதல் 1919 வரை ஒரு முறை, 1944 முதல் 1946 வரை மறுமுறை சேவை நின்றது. நின்ற காலத்தில் பக்கத்து நிலையத்துக்கும் பேருந்துக்கும் பழகிய கால்கள் திரும்பி வருவது அரிது.

"பீச்சிங் மூடிய நிலையங்களில் இதுவும் ஒன்று" என்று சொல்பவர்களும் உண்டு. பிரிட்டனில் எந்த ரயில் நிலையம் மறைந்தாலும் பழி டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங் தலையில்தான். ஏராளமான நிலையங்களை மூடச் சொன்ன அவருடைய புகழ்பெற்ற அறிக்கை வெளியானது 1963இல். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே இங்கே ரயில் நின்றுவிட்டது. 1961இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். இந்த ஒரு வழக்கில் பீச்சிங் நிரபராதி.

தீக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. விடுமுறை நாட்களில் வந்த கொஞ்ச நஞ்ச வருமானத்தையும் அது பறித்தது. ஆனால் அது ஏற்கெனவே படுக்கையில் கிடந்த நோயாளிக்கு வந்த சளிக்காய்ச்சல். 1923இல் பழைய போட்டிக் கம்பெனிகள் சதர்ன் ரயில்வேயில் ஒன்றானதும், ஒரே குன்றுக்கு இரண்டு கிரிஸ்டல் பேலஸ் நிலையங்கள் ஒரே முதலாளியின் கணக்குக்கு வந்தன. 1948இல் அவை அரசின் கைக்குப் போயின. அதன் பிறகு எதை விடுவது என்பதில் பெரிய குழப்பம் இருந்திருக்காது. ஒன்று தொடர் பாதையில் இருந்தது; மற்றது முட்டுச்சந்து.

நிலையம் இருந்த இடத்தில் 1970களில் வீடுகள் எழுந்தன. பயணிகளை மாளிகைக்கு அழைத்துச் சென்ற செங்கல் வளைவுச் சுரங்க நடை மட்டும் தப்பியது. பழுதுபார்த்து 2024இல் மக்களுக்குத் திறந்தார்கள். லோ லெவல் நிலையமோ இப்போது வெறும் கிரிஸ்டல் பேலஸ் என்ற பெயரில் ஓடுகிறது. 2010இல் அதற்கு ஓவர்கிரவுண்ட் ரயிலும் வந்து சேர்ந்தது.