ஏரி ஆயக்கட்டு முழுவதும் ஒரே நெல் இரகம் தகுமா?

குரோம்பேட்டை என்னும் ஊர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஏற்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. அதனை அடுத்துள்ள நெமிலிச்சேரி, செம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகள் நெல் வயல்களுக்கு நீர் பாய்ச்சிய காலம் ஒன்று உண்டு. அவ்வயல்களில் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே மதுராந்தகம் நோக்கிச் செல்லும்போதுதான் ஏரிப் பாசன நெற்பயிரை இப்போது பரக்கக் காணலாகும். விளைநிலம் இவ்வாறு சுருங்கி வருங்காலத்தில், எஞ்சியுள்ள நிலத்தில் ஒரு போகம் பூச்சிக்கும் நோய்க்கும் இரையாவது முன்னிலும் பெரிய நஷ்டமாகும். ஆகையால் எந்த இரகத்தை விதைப்பது என்ற கேள்வியைத் தனித்தனிக் குடியானவரின் விருப்பத்திற்கு விட்டுவிடாமல், ஆயக்கட்டு முழுவதும் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இரகத்தேர்வே பயிர்ப் பாதுகாப்பின் முதற்படி என்பது புதிய உபதேசமன்று. 1919-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் டெல்டாவில் குலைநோய் கடுமையாகத் தாக்கிற்று. அக்காலத்தில் அந்நோய்க்குக் கைகண்ட மருந்து ஏதும் இல்லை. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நோயைத் தாங்கும் நெல்லையே மருந்தாகக் கொண்டனர். கோ 4 என்னும் இரகத்தின் எதிர்ப்புத் தன்மையைக் கண்டு, அதனை வேறு இரகத்துடன் ஒட்டுச் சேர்த்துக் கோ 25 முதலிய இரகங்களை வெளிக்கொணர்ந்தனர்.

நம் பகுதிக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவள்ளூருக்கு அருகே திரூர்க்குப்பத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1952-இல் டி.கே.எம். 6 என்னும் இரகத்தை வெளியிட்டது. கிச்சிலிச் சம்பா எனப்பட்ட ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் சேர்த்து உண்டாக்கிய ஒட்டு இது. பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பல நாட்டு நெல்வகைகளைத் தண்டுதுளைப்பானுக்கு எதிராகச் சோதித்தபோது, நன்கு தாங்கி நின்றவற்றுள் டி.கே.எம். 6 ஒன்றாயிருந்தது. அந்துப்பூச்சி இதன்மீது குறைவாகவே முட்டையிட்டது. பொரித்த புழுக்களும் நன்கு தேறவில்லை. இதனைப் பெற்றோராகக் கொண்டு 1969-இல் ஐ.ஆர். 20, 1973-இல் ஐ.ஆர். 26 ஆகியவை வந்தன. 1976-இல் வெளியான ஐ.ஆர். 36-இன் வமிசத்திலும் இதன் பங்கு உண்டு. அந்த இரகம் 1980-களில் ஆசியாவில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரானது. நம் ஜில்லாவின் வயலில் விளைந்த குணம் பல தேசங்களின் நெல்லைக் காத்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

பெருமையோடு ஓர் எச்சரிக்கையும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது. ஐ.ஆர். 26 புகையானைத் தாங்கும் இரகமாகவே வெளியிடப்பட்டது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அது பரந்த நிலப்பரப்பில் தொடர்ந்து பயிரிடப்படவே, சில ஆண்டுகளுக்குள் அதனையும் உண்டு பெருகவல்ல புகையான் கூட்டம் தோன்றிவிட்டது. பூச்சிகளுள் அவ்விரகத்தை உண்ண வல்லவை மட்டும் பிழைத்து இனம் பெருக்கியதே இதற்குக் காரணம். மருந்து தெளித்தும் தொல்லை அடங்கவில்லை. சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களை மருந்து கொன்றதால் புகையான் தடையின்றிப் பெருகிற்று. முடிவில் இந்தோனேசிய சர்க்கார் 1986-இல் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதென்று தடைசெய்தனர். எனவே எதிர்ப்புத் தன்மை என்பது ஒருமுறை பெற்று என்றென்றும் அனுபவிக்கும் சொத்தன்று. காத்து வராவிடில் கரைந்துபோகும் முதலாகும்.

இன்று நம் கிராமங்களில் அரிசி ஆலைகள் நல்ல விலை தருகின்றன என்பதற்காக, ஆந்திரா பொன்னி என வழங்கும் பி.பி.டி. 5204 ஏரியின் ஒரு கரை முதல் மறு கரை வரை நடப்படுவதைக் காண்கிறோம். அதன் அரிசி சன்னமானது, சோறு சுவையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது குலைநோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் புகையானுக்கும் எளிதில் ஆட்படும் இரகம். அதன் வயது ஏறக்குறைய 150 நாள்; சம்பாவில் கார்த்திகை, மார்கழி மாதங்களின் பனியும் குளிர்ந்த இரவும் கதிர்வரும் சமயத்தில் சேர்ந்தால் குலைநோய்க்கு அதைவிட வசதி வேண்டுவதில்லை. குவிண்டாலுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை மட்டும் எண்ணி, மருந்துச் செலவையும் குறைந்த மகசூலையும் கணக்கில் சேர்க்காதவர் லாபத்தைச் சரியாகக் கணித்தவராகார்.

அவ்விரகத்தை அறவே கைவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. விலையை நம்பிக் குடும்பம் நடத்துவோரிடம் அவ்வாறு கூறுவது நியாயமன்று. சம்பாப் பட்டத்தில் ஆயக்கட்டின் பாதிக்கு மேற்படாமல் அதனைப் பயிரிட்டு, எஞ்சிய பாதியில் வேறு இரு இரகங்களை நடுவது அறிவுடைமை. திரூர் நிலையத்தார் 2015-இல் வெளியிட்ட டி.கே.எம். 13 சுமார் 130 நாளில் விளையும் சன்ன இரகம், சம்பாவுக்கு ஏற்றது. இலைக்கருகல் மிகுந்த இடங்களுக்கு, அந்நோயைத் தாங்கும் மூன்று ஜீன்கள் சேர்க்கப்பட்டு 2008-இல் வெளியான மேம்படுத்திய சம்பா மசூரி உதவும். ஆனால் அது மற்ற நோய்களுக்குக் கவசமாகாது என்பதை மறத்தலாகாது. சொர்ணவாரி, நவரைப் பட்டங்களுக்குக் கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் வயதுடைய இரகங்களே பொருந்தும். நீண்டகால இரகத்தை நவரையில் நட்டு, ஏரி வற்றும் வேளையில் தண்ணீருக்குத் தவிப்பது வேண்டாத துன்பம்.

இரகம் பலவாயினும் நடவுக்காலம் ஒன்றாயிருத்தல் அவசியம். ஒரே மடையின் கீழுள்ள வயல்களை மூன்று வாரத்திற்குள் நட்டு முடித்தால், ஒரு வயலில் விளைந்த பூச்சி அடுத்த வயலின் இளம்பயிருக்குப் படிப்படியாகத் தாவுவதற்கு இடமிராது. எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரித்து நட்டால் தூரில் காற்றும் வெளிச்சமும் புகும். புகையானுக்கு அது ஒவ்வாது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுதல் வேண்டும். கரும்பச்சையாகத் தழைத்த பயிர் கண்ணுக்கு அழகு. குலைநோய்க்கும் புகையானுக்கும் அதுவே விருந்து.

மருந்தை எடுக்குமுன் வயலில் இறங்கி எண்ணிப் பார்க்க வேண்டும். நடுக்குருத்துக் காய்ந்தவை நூற்றுக்குப் பத்தையோ, வெண்கதிர் நூற்றுக்கு இரண்டையோ எட்டினால்தான் தண்டுதுளைப்பானுக்கு மருந்து தேவை. புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டும்வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு வரையிலும் பொறுக்கலாம். நட்ட 30, 37-ஆம் நாட்களில் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் முட்டை ஒட்டுண்ணியை விடுவது தண்டுதுளைப்பானை முட்டையிலேயே அழிக்கும். பக்கத்து வயல்காரர் தெளித்தார் என்பதற்காக நாமும் தெளிப்பது காசையும் கரைத்துச் சிலந்தியையும் கொல்வதாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அடங்கலில் நெல் என்று எழுதுவதோடு நில்லாமல், அது இன்ன இரகம் என்பதையும், அப்போகத்தில் இன்ன பூச்சி அல்லது நோய் கண்டது என்பதையும் ஒரு தனிக் குறிப்பேட்டிலாவது சர்வே நம்பர் வாரியாகப் பதிந்து வருவார்களாயின், மூன்றாண்டுகளில் அவ்வூருக்கு ஏற்ற இரகம் எது, கைவிட வேண்டியது எது என்பது தெளிவாகிவிடும். விவசாய இலாகாவின் உதவி அலுவலருக்கும் அக்குறிப்பு பேருதவியாகும். இதற்குப் பணம் தேவையில்லை. பட்டந்தோறும் சிறிது நேரமும் கவனமும் போதும்.

வருகிற பட்டத்திற்கு விதை வாங்கும் முன்னரே ஒவ்வோர் ஏரியின் குடியானவர்களும் ஒருநாள் கூடி, யார் எந்த இரகத்தை எத்தனை ஏக்கரில் நடுவது, எந்த வாரத்திற்குள் நடவை முடிப்பது என்று தீர்மானித்துக்கொள்வார்களாக. தண்ணீரை முறைவைத்துப் பங்கிடத் தெரிந்த நமக்கு, விதையையும் கலந்து பேசித் தேர்ந்தெடுப்பது அரிய காரியமன்று.