அடிமடிப்பில் ஆறு அங்குலம்

மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940 மார்ச்சில் இங்குதான் இயங்கத் தொடங்கியது. மின்விளக்கு எங்கே போனாலும் கூடவே ஒரு சங்கடத்தையும் கொண்டுபோகிறது. பகலில் வெளியே பார்க்க உதவும் ஜன்னல், இரவில் விளக்கைப் போட்டதும் உள்ளே இருப்பவர்களை ஊருக்குக் காட்டத் தொடங்கிவிடுகிறது.

சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். தென் தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் வீடுகள் அவை. ஜன்னலை ஒட்டியே பொதுவழி. ஓர் அறையில் மூன்று தலைமுறை. அங்கே திரைச்சீலை அலங்காரப் பொருள் அல்ல. வயதுக்கு வந்த பெண்ணுக்கு அது கதவு. ஜனவரிப் பனியில் படுக்கும் முதியவருக்குக் கம்பளி. அதைக் கடையில் ஆயத்தமாக வாங்கினால் நீளம் சரியாக இருக்காது, விலை கட்டாது. வீட்டிலேயே தைப்பதுதான் வழி.

இந்த வேலைக்கு மகாத்மாவின் ஆசியும் உண்டு. இயந்திரங்கள் எல்லாவற்றையுமே எதிர்க்கிறீர்களா என்று 1924இல் தில்லியில் காந்தியிடம் கேட்டார் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் (பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர்). சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைப் பார்த்த அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் தந்த விளக்கம். சிங்கரின் வாழ்க்கை வரலாறு இந்த இனிய கதைக்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் காந்தி சொல்லவந்த விஷயம் சரியானதே: இயந்திரம் மனுஷியை மிச்சப்படுத்த வேண்டும், அவளை விரட்டக் கூடாது.

அளவெடுக்க வேண்டியது ஜன்னலை அல்ல, கம்பியை. மூன்றடி அகல ஜன்னலுக்குப் பக்கத்துக்கு நான்கு அங்குலம் கூட்டிக் கம்பி பொருத்தினால் அதன் நீளம் 44 அங்குலம். திரை மடிமடியாக விழ வேண்டுமானால் துணி ஏறக்குறைய இரு மடங்கு அகலம் வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு பாகங்கள் போதும். ஓரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஜன்னலின் உயரம் நான்கடி. கம்பிக்காக மேலே நான்கு அங்குலம், காற்று புகாமலிருக்கக் கீழே ஆறு, ஆக 58. கம்பி நுழையும் மடிப்புக்கு நான்கும் அடிமடிப்புக்கு ஆறும் சேர்த்தால் ஒரு பாகத்துக்கு 68 அங்குலம்.

நான்கு மீட்டர் பருத்தித் துணி என்பது சுமார் 157 அங்குலம். வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துவது கட்டாயம். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலும் 149 மிஞ்சும். நனைக்காமல் தைத்த திரை முதல் சலவையிலேயே கம்பியை நோக்கி ஏறிவிடும். பழைய வேட்டியை உட்புறத் துணியாக வைத்துத் தைத்தால் குளிருக்கும் வெயிலில் சாயம் போவதற்கும் சேர்த்துத் தடை. விறகடுப்பு இருக்கும் பக்கம் நைலான் வேண்டாம். பருத்தியானாலும் அடுப்பை எட்டாத குட்டைத் திரையே நல்லது. மழை மாதங்களில் திரையை நாள்தோறும் ஒதுக்கிவிடாவிட்டால் பூஞ்சை படரும். மெஷின் இல்லாதவர்களுக்கு ஊசியும் நூலும் போதும், எல்லாமே நேர்த்தையல்தான்.

இரண்டு பாகங்களுக்கு 136 போக 13 அங்குலம் மீதி இருக்கிறது. அதைக் கத்தரித்துவிடத்தான் கை போகும். வெட்டாமல், பாகத்துக்கு ஆறாக அடிமடிப்பிலேயே சேர்த்து மடித்துவிடலாம். அடி கனத்தால் காற்றில் திரை பறக்காது. ஆனால் காரணம் அது மட்டுமல்ல.

தொழிலாளர்களுக்கு வீடு தருவதைத் தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்பது அதன் மறுபக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்கும் தோட்டத்தில் வேலை இல்லையென்றால், பிறந்து வளர்ந்து கொழுந்து பறித்த மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். சுவரைக் கொண்டுபோக முடியாது, ஜன்னலையும் முடியாது. கழற்றி மடித்து எடுத்துச்செல்லக் கூடியது திரை ஒன்றுதான்.

போகிற இடத்து ஜன்னலின் உயரம் யாருக்குத் தெரியும்? உயரமாக இருந்தால் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அந்த ஆறு அங்குலம், இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு சொந்த வீட்டுக்கான துணி.